காராங் தீவில் நடுவர் இல்லை

"ரெய்னியரைத் தேடிப் போக யார் தயார்?"

கிழக்குக் கடல் தீவு ஒன்றில் இருந்த சபாங் துறைமுகத்தில், டச்சுக் கடற்படை அலுவலகத்தின் முற்றத்தில் கமாண்டர் இப்படிக் கேட்டதும், அங்கே நின்ற அதிகாரிகள் எல்லோரும் தங்கள் பூட்ஸ் நுனியை ஆராய ஆரம்பித்தார்கள். காராங் தீவு என்றால் சும்மாவா! சுற்றிலும் படகைக் கிழித்துப்போடும் பவளப்பாறைகள். உள்ளே அலையாத்திக் காடு, சேறு, முதலை. போதாததற்கு, கப்பல்களிலிருந்து ஓடிப்போன முரடர்கள் சிலர் அங்கே பதுங்கியிருப்பதாகவும் பேச்சு அடிபட்டது.

"நான் போறேன் சார்!"

லெஃப்டினன்ட் டீர்க் ஹாவர்காம்ப் ஓரடி முன்னால் வந்தான். மற்றவர்கள் வியப்போடு அவனைப் பார்த்தார்கள். அவனுக்கே வியப்புதான். கால் முன்னால் போன பிறகுதான் மனசுக்குச் செய்தி தெரிந்தது.

காணாமல் போனவன் லெஃப்டினன்ட் ரெய்னியர் வான் எல்ஸ்லோ. பழைய காலத்தில் காராங் தீவில் ஒரு வணிகக் கப்பல் உடைந்து புதைந்துபோனதென்றும், அதில் வெள்ளிக் காசும் ஒரு தளபதியின் தங்கப்பிடி வாளும் இருந்தனவென்றும் மீனவர்கள் சொல்வார்கள். ரெய்னியர் விடுப்பு எடுத்துக்கொண்டு அதைத் தேடிப் போனான். கூடப் போன இரண்டு மாலுமிகள் மட்டும் திரும்பி வந்தார்கள். "சின்ன ஓடத்துல தனியா உள்ள போனார் சார். காத்துக் காத்துப் பாத்தோம். வரவே இல்ல" என்றார்கள்.

"அடுத்த தபால் கப்பல் வர்றதுக்குள்ள திரும்பிடு டீர்க்" என்றார் கமாண்டர். "கிடைச்சா கூட்டிட்டு வா. கிடைக்கலன்னா, கிடைக்கலன்னு வந்து சொல்லிடு. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டாங்க."

கடைசி வாக்கியம் டீர்க்கின் காதில் தேனாக விழுந்தது. அப்படி விழுந்ததே என்று அவனுக்குப் பயமாகவும் இருந்தது.

விஷயம் இதுதான். டீர்க், ரெய்னியர் இருவரும் வாள்வீச்சு வீரர்கள். அந்த வருடம் ஐரோப்பாவில் நடக்கவிருந்த பெரிய வாள்வீச்சுப் போட்டிக்குக் கிழக்குக் கடற்படையிலிருந்து ஒரே ஓர் ஆளை அனுப்பச் சொல்லி ஹாலந்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. மழைக்காலத்துக்கு முன் இருவரும் மோத வேண்டும். ஜெயித்தவன் கப்பல் ஏறுவான். ரெய்னியர் திரும்பியே வரவில்லை என்றால்? மோத வேண்டிய வேலையே இல்லை. டீர்க் நேராகப் பெட்டியைக் கட்டலாம்!

டீர்க், டென் ஹெல்டர் என்ற துறைமுக ஊரில் கயிறு திரிப்பவரின் மகன். கடற்படைப் பள்ளியில் அவன் சேர்ந்த அதே காலையில்தான் ரெய்னியரும் சேர்ந்தான். அன்று பிடித்தது சனி. வாள்வீச்சில் ரெய்னியர் எப்போதும் ஒரே ஒரு புள்ளி முன்னால். பதவி உயர்வில் ஒரே ஒரு மாதம் முன்னால். நடனமாடக் கூப்பிட்டால் பெண்கள் ரெய்னியரிடம் சரி என்பார்கள், டீர்க்கிடம் "ரெய்னியர் வந்திருக்காரா?" என்பார்கள். சரி, கடல் தாண்டியாவது தொலைவோம் என்று சபாங்குக்கு மாற்றல் வாங்கி வந்தால், அடுத்த கப்பலிலேயே ரெய்னியர் கையசைத்துக்கொண்டு இறங்கினான். கொசுகூட அவனைக் கடிக்காது. ஒரே கொட்டகையில் இருவரும் படுத்தால் காய்ச்சல் டீர்க்குக்குத்தான் வரும்.

ரெய்னியர் கெட்டவனாக இருந்திருந்தாலாவது நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அவனோ நல்லவன். இதைவிடப் பெரிய தொல்லை பொறாமைக்காரனுக்கு வேறு என்ன வேண்டும்?

மறுநாள் விடியலில் பாய் விரித்த படகில் மூன்று பேர் கிளம்பினார்கள். சுக்கான் பிடித்தவர் நெய்னா முகம்மது, நாகூர்க்காரர், அந்தக் கடலில் பல வருடம் படகு ஓட்டியவர். டீர்க்குக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். படகின் முன்முனையான முன்னணியத்தில் கயித்தான், தூத்துக்குடியில் முத்துக்குளித்துவிட்டுத் துறைமுக வேலைக்கு வந்த இளைஞன். தண்ணீருக்குள் போனால், அவன் போனதையே கரையில் இருப்பவர்கள் மறந்துவிடும் அளவுக்கு மூச்சடக்குவான்.

படகு கரையை விட்டதுமே நெய்னா ஆரம்பித்துவிட்டார்.

"ரெய்னியர் தொரெ மாதிரி ஒரு மனுசனப் பாக்க முடியாது தொரெ. போன நோம்புல எங்க வூட்டுக்கு வந்து, தரையில ஒக்காந்து கஞ்சி குடிச்சாங்க."

"எனக்கு எவ்ளோ கைதட்டுனாரு தெரியுமா?" என்றான் கயித்தான். "அன்னைக்கு முங்கிப் பந்தயம் வச்சாங்கள்லா, அப்போ."

"நானுந்தான் கைதட்டுனேன்" என்றான் டீர்க்.

கயித்தான் கொஞ்சம் யோசித்தான். "நீங்களும் அங்கன நின்னீயளா?"

டீர்க்குக்கு வயிறு எரிந்தது. ஆளே இல்லாத நடுக்கடலில்கூட அந்த ரெய்னியர் அவனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டான்!

இரண்டாம் நாள் மதியம் காராங் தீவு தெரிந்தது. தீவுக்கு முன்னால் வெள்ளை நுரை கொதித்துக்கொண்டிருந்தது. பவளப்பாறைகள்!

"பாறை! நேரா பாறை கெடக்கு! வலத்த, வலத்த!" என்று கயித்தான் முன்னணியத்திலிருந்து கத்தினான்.

"கத்தாத, கண்ண மட்டும் காட்டு!" என்று நெய்னா சுக்கானை உடம்போடு சேர்த்துத் தள்ளினார். "தொரெ, பாயை எறக்குங்க! சீக்கிரம்!"

டீர்க் பாய்ந்து கயிற்றை அவிழ்த்தான். அலை படகைத் தூக்கியது. அடிப்பலகை பாறையில் உரசும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. அடுத்த அலை அவர்களை அப்படியே அள்ளி, பாறைகளுக்கு உள்ளே இருந்த அமைதியான தண்ணீரில் இறக்கியது. "அல்லா காப்பாத்துனான்" என்று நெய்னா மூச்சு விட்டார்.

படகை அங்கே நங்கூரமிட்டுவிட்டு, கூடவே இழுத்து வந்த சின்ன ஓடத்தில் மூவரும் தீவுக்குள் ஓடிய உப்பங்கழிக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் வேர்களைத் தண்ணீரில் ஊன்றி நெருக்கமாக நின்றன. வெயில் உள்ளே வரவில்லை. ஓரிடத்தில் கழி இரண்டாகப் பிரிந்தது. அங்கே கரையில் கிடந்த மரக்கட்டை திடீரென்று வாயைத் திறந்தது.

"முதலை! துடுப்ப உள்ள இழுங்க!"

முதலை சேற்றில் வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கியது. நெய்னாவும் கயித்தானும் அது போகும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீர்க்கின் பார்வை மட்டும் வலப்பக்கக் கிளைக்குப் போனது. அங்கே ஒரு வேரில், வெள்ளைத் தோலில் தைத்த வாள்வீச்சுக் கையுறை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது.

ரெய்னியரின் கையுறை! அதை எங்கே பார்த்தாலும் டீர்க்குக்குத் தெரியும். எத்தனை ஆட்டத்தில் அந்தக் கை அவனைத் தோற்கடித்திருக்கிறது!

கையை நீட்டி எடுத்தான். கத்த வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. கையுறை அவன் சட்டைக்குள் போனது.

"வலது பக்கம் ஒண்ணுமில்ல" என்றான். "இடது பக்கம் போவோம்."

இடது பக்கம் போனார்கள். அது வளைந்து வளைந்து மறுபடி கடலிலேயே கொண்டுபோய் விட்டது. வெறும் மணல், நண்டுகள், காய்ந்த தென்னை மட்டைகள்.

"இங்கன ஆள் நடந்த தடமே இல்ல" என்றான் கயித்தான். "என்ன செய்ய? திரும்பிருவமா?"

நெய்னா டீர்க்கின் முகத்தைப் பார்த்தார். முடிவு சொல்ல வேண்டியவன் அவன்தானே.

சொல்லிவிட்டால் போதும். 'கிடைக்கவில்லை' என்று ஒரு வார்த்தை. யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கப்பல், ஐரோப்பா, விளக்குகள் எரியும் மண்டபம், வெள்ளை உடையில் டீர்க்! அவன் அந்த மண்டபத்தை மனசுக்குள் பார்த்தான். அவன் ஜெயிக்கிறான். கூட்டம் கைதட்டுகிறது. பக்கத்தில் ஒரு கிழவர் இன்னொருவரிடம் சொல்கிறார்: "நல்லாத்தான் ஆடுறான். ஆனா, பாவம், அந்த ரெய்னியர் மட்டும் இருந்திருந்தா..."

 உயிரோடிருக்கும் ரெய்னியரை என்றைக்காவது ஒருநாள் ஜெயித்துவிடலாம். செத்துப்போன ரெய்னியரை எப்படி ஜெயிப்பது? அவன் ஆயுள் முழுக்க ஒரு புள்ளி முன்னாலேயே நிற்பானே!

நல்ல புத்தி எப்போதும் நல்ல வழியாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. டீர்க்குக்கு அது பொறாமையின் வழியாக வந்தது. அதன் பின்னாலேயே வெட்கமும் வந்தது. அவன் சட்டைக்குள் கையை விட்டு, ஈரக் கையுறையை எடுத்து ஓடத்தின் பலகைமேல் வைத்தான்.

நெய்னா அதைப் பார்த்தார். "எப்ப கெடச்சிச்சு?"

"கழி பிரியுற எடத்துல."

"வலது பக்கமா?"

"ஆமா."

கயித்தான் ஏதோ கேட்க வாயெடுத்தான். நெய்னா கண்ணாலேயே அடக்கினார். ஓடத்தைத் திருப்பித் துடுப்பு வலிக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை 'தொரெ' என்று கூப்பிட்டவர், அதன்பிறகு வெகுநேரம் அவனை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. அது டீர்க்குக்கு அறை வாங்கியதைவிட மோசமாக இருந்தது.

வலப்பக்கக் கிளையில் கொஞ்ச தூரம் போனதும் புகை வாசம் வந்தது. பிறகு பேச்சுக்குரல். மூவரும் வேர்களுக்கு இடையில் ஓடத்தைச் செருகிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு பழைய கப்பலின் மர எலும்புகள் சேற்றிலிருந்து நிமிர்ந்து நின்றன. அழுக்கு உடையில் ஏழெட்டு முரடர்கள், கறுத்துப்போன பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களை அதட்டிக்கொண்டிருந்தவன் மலை மாதிரி இருந்தான். கையில் அகலமான வெட்டுக்கத்தி. கப்பலின் ஒரு மரச்சட்டத்தில், கால் வீங்கி, தாடி மண்டி, ரெய்னியர் கட்டிப்போடப்பட்டிருந்தான். உயிரோடு!

"அவந்தான் கஸ்பார்" என்று நெய்னா கிசுகிசுத்தார். "கப்பல்ல ஒரு மாலுமிய வெட்டிட்டு ஓடிப்போனவன். பெட்டி எந்த எடத்துல புதைஞ்சி இக்கிதுன்னு சொல்ல வக்கத்தான் ரெய்னியர் தொரெய புடிச்சி வச்சிருப்பான். இப்ப பெட்டி வந்திடிச்சு. இனிமே அவங்கள என்னாத்துக்கு உசுரோட வக்கப் போறான்?"

"அப்போ நேரமில்ல" என்றான் டீர்க். "கயித்தான், அவங்க படகு ரெண்டும் அந்த ஓரத்துல நிக்குது. தண்ணிக்கடியில போயி அவுத்து விட முடியுமா?"

"முதல கெடக்கே?"

"கெடக்கு."

கயித்தான் கழுத்திலிருந்த சிலுவையை முத்தமிட்டான். "மாதாவே, அதுக்கு இப்போ பசிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் மூழ்கினான்.

தண்ணீர் வற்றும் நேரம் அது. சிறிது நேரத்தில் இரண்டு படகுகளும் தாமாகவே கிளம்பித் தீவின் மறுபக்கக் கடலை நோக்கி மிதந்து போயின. நெய்னா இரண்டு கையையும் வாயருகே குவித்து மலாய் மொழியில் அலறினார்: "படகு போவுது! படகு போவுது!"

முரடர்கள் போட்டது போட்டபடி படகுகளின் பின்னால் சேற்றில் விழுந்தடித்து ஓடினார்கள். டீர்க் வாளை உருவிக்கொண்டு ரெய்னியரிடம் பாய்ந்தான்.

ரெய்னியர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "நீயா? வேற யாரையும் அனுப்பலயா?"

"வேற ஒருத்தனும் வரலன்னுதான்டா நான் வந்தேன்! காலை நீட்டு!" டீர்க் ஆத்திரத்தோடு கயிற்றை அறுத்தான்.

"பின்னால!" என்று கத்தினான் ரெய்னியர்.

கஸ்பார் படகைத் தேடி ஓடவில்லை. பெட்டியை விட்டு நகர அவனுக்கு மனசில்லை. வெட்டுக்கத்தி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. டீர்க் வாளால் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தான். அடி ஒவ்வொன்றும் தோள்வரை அதிர்ந்தது. ஆனாலும் கஸ்பாரின் வேகத்தை அவன் புரிந்துகொண்டான். ஒரு வெட்டு, இரண்டாவது வெட்டு, மூன்றாவதற்கு முன்னால் ஓர் இடைவெளி! டீர்க் பாய்ந்தான். வாள் முனை கஸ்பாரின் தோளில் இறங்கியது. அழகான குத்து! எந்தப் போட்டியிலும் மண்டபமே எழுந்து நிற்கும்.

அங்கேதான் டீர்க் ஒரு வாள்வீச்சுப் போட்டியாளன் மட்டுமே செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனத்தைச் செய்தான்.

போட்டியில் முனை எதிராளியைத் தொட்டதும் ஆட்டம் நிற்கும். தொட்டவன் ஓரடி பின்வாங்கி, வாளைத் தாழ்த்தி, நடுவர் சொல்வதற்காகக் காத்திருப்பான். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை செய்து செய்து ஊறிய பழக்கம். டீர்க் ஓரடி பின்வாங்கினான். வாளைத் தாழ்த்தினான். நின்றான்.

கஸ்பார் நிற்கவில்லை! வெட்டுக்கத்தி டீர்க்கின் வலது கையில் இறங்கியது. வாள் சேற்றில் விழுந்தது. விரல்களிலிருந்து ரத்தம் கொட்டியது. டீர்க் தன் கையையே பார்த்துக்கொண்டு திகைத்து நின்றான். கஸ்பார் மறுபடி ஓங்கினான்.

"நிக்காதடா!" ரெய்னியர் தொண்டை கிழியக் கத்தினான். "நிக்காத! இங்க நடுவர் யாரும் இல்ல! குனி!"

டீர்க் குனிந்தான். கத்தி அவன் தலைமுடியை உரசிக்கொண்டு போய் மரச்சட்டத்தில் ஆழமாகச் சிக்கியது. கஸ்பார் இழுத்தான். வரவில்லை. டீர்க் இடது கையால் சேற்றிலிருந்து வாளைப் பொறுக்கினான்.

"விடாத! குத்து!"

இந்த முறை அவன் நிற்கவில்லை. தொடையில் ஒரு குத்து, அப்படியே தோளால் நெஞ்சில் ஒரு முட்டு. மலை சாய்ந்தது. கஸ்பார் கப்பலின் மறுபக்கம் இருந்த சதுப்பில் விழுந்து, இடுப்புவரை புதைந்து, கெட்ட வார்த்தைகளை எல்லா மொழியிலும் பொழிந்தான்.

"கிடக்கட்டும், அவன் ஆளுங்க வந்து இழுத்துப்பாங்க!" என்று மூச்சு வாங்கினான் டீர்க்.

நெய்னா ஓடத்தோடு வந்து சேர்ந்தார். கயித்தான் முதலைக்குத் தப்பி முழுசாக வந்து சேர்ந்தான். நால்வரும் பெட்டியை ஓடத்தில் உருட்டிப் போட்டுத் துடுப்பு வலித்தார்கள். பின்னால் முரடர்களின் கூச்சல். ஒரு துப்பாக்கிக் குண்டு தலைக்கு மேலே இலைகளைப் பிய்த்தது. கழியைத் தாண்டி, படகில் ஏறி, பாய் விரித்து, பவளப்பாறையின் அந்தக் குறுகிய வாசலை இரண்டாம் முறையும் கடந்த பிறகுதான் யாருக்கும் பேச்சு வந்தது.

நெய்னா தன் தலைத்துணியைக் கிழித்து டீர்க்கின் கையில் கட்டினார். "வலிக்கிதா தொரெ?" என்றார். அந்த ஒரு 'தொரெ'யைக் கேட்டதும் டீர்க்குக்குக் கண் கலங்கிவிட்டது. வலி என்று சொல்லிச் சமாளித்தான்.

பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளிக் காசுகள் உப்பில் ஒட்டி ஒரே பாளமாக இருந்தன. நடுவில் அந்த வாள்! அலகு துருவாகி உதிர்ந்துவிட்டிருந்தது. தங்கப்பிடி மட்டும் வெயிலில் பளபளத்தது.

சபாங்கில் பீரங்கி முழங்கியது! கமாண்டர் துறைமுகக் கொட்டகையிலேயே விருந்து வைத்தார். நெய்னாவுக்கும் கயித்தானுக்கும் முதல் வரிசையில் நாற்காலி. முதலையின் நீளம் கயித்தானின் வாயில் நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்தது. எல்லோரும் டீர்க்கைத் தூக்கிச் சுமந்தார்கள். பெண்கள் வந்து அவனிடம் பேசினார்கள். ரெய்னியரைப் பற்றி ஒருத்திகூடக் கேட்கவில்லை.

ஆனால் மருத்துவர் காலையிலேயே சொல்லிவிட்டார். வலது கையின் இரண்டு விரல்கள் இனி மடங்காது. ஐரோப்பாவுக்குப் போவது ரெய்னியர்தான். மோதல் தேவையில்லை.

 டீர்க்குக்கு வர வேண்டிய இடம், மோதிப் பார்க்கக்கூட முடியாமல் போய்விட்டதே! கூட்டத்துக்கு மேலாக அவன் ரெய்னியரைத் தேடினான். ரெய்னியர் ஒரு மூலையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து, கைதட்டும் நேரத்தில் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். உதடு மட்டும் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

டீர்க்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிரிப்பை அவனுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அவன் சிரித்த சிரிப்பல்லவா அது! ஐரோப்பா போகிறவன், நல்லவன், கொசு கடிக்காதவன், அந்த ரெய்னியர் இப்போது பொறாமையில் வெந்துகொண்டிருந்தான்!

ஒரு நிமிடம் டீர்க் அதை ரசித்தான். ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே ரசித்தான். ஆனால் அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று சபாங்கிலேயே அவனைவிட யாருக்குத் தெரியும்? பழைய பரிசளிப்பு விழாக்கள் நினைவுக்கு வந்தன. அன்றெல்லாம் கோப்பையோடு நின்ற ரெய்னியர் டீர்க்கின் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனசு எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

அவன் மேசைமேல் ஏறினான். "ஒரு நிமிஷம்! கதையில ஒண்ணு விட்டுப்போச்சு!"

கொட்டகை அடங்கியது.

"கஸ்பாரைக் குத்திட்டு நான் மடையன் மாதிரி நின்னுட்டேன். நடுவர் வந்து புள்ளி குடுப்பார்னு! ரெய்னியர் மட்டும் அந்த நேரத்துல கத்தலன்னா நான் இங்க இல்ல, முதலை வயித்துல இருந்திருப்பேன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தச் சண்டையை ஜெயிச்சோம்!"

சிரிப்பும் கைதட்டலும் கூரையை அதிர வைத்தன. எல்லோரும் ரெய்னியர் பக்கம் திரும்பினார்கள். அவன் முகம் சிவந்துவிட்டது.

விருந்து முடிந்ததும் ரெய்னியர் நொண்டிக்கொண்டு வந்தான். "அதை ஏன்டா சொன்ன? நீ சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாதே."

"நான் உன் எடத்துல பல வருஷம் இருந்திருக்கேன். அதான்."

 ரெய்னியர் பல்லைப் பிடுங்குவதுபோலச் சிரமப்பட்டுச் சொன்னான்: "ஆட்டத்துல நீ கால் வைக்கிற லாவகம் எனக்கு வராதுடா டீர்க். என்னைக்குமே வந்ததில்ல. கடைசி ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆட்டத்துலயும் இன்னைக்கு இவன்கிட்ட தோத்துடுவேன்னு பயந்துக்கிட்டேதான் எறங்குவேன். அந்தப் பெட்டியைத் தேடிப் போனதே, மோதல்ல நீ ஜெயிச்சிட்டா என்கிட்டயும் பெருமையா சொல்லிக்க ஏதாவது இருக்கட்டும்னுதான்."

 டீர்க் கத்தினான்: "இத முன்னாடியே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் நெய்னா ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

தபால் கப்பல் வந்தது. ரெய்னியர் ஐரோப்பாவுக்குக் கிளம்பினான். "திரும்பி வர்றதுக்குள்ள இடது கையில பழகிடு. வேற எவன்கூட நான் ஆடுறது?" என்று மேல்தளத்திலிருந்து கத்தினான். டீர்க் கரையில் நின்று, கட்டுப்போடாத கையை வீசினான். வயிற்றில் அந்த எரிச்சல் போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்த்தான். முழுசாகப் போகவில்லை, கொஞ்சம் இருந்தது. ஆனால் கை வீசுவதை அது தடுக்கவில்லை.

"போதும் தொரெ, கப்பல் மறைஞ்சிடிச்சு" என்றார் நெய்னா.

டீர்க் இன்னும் கொஞ்ச நேரம் வீசிக்கொண்டுதான் நின்றான்.